தானா அணையுது, தானா வருது

கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு." அதை அப்படியே நம்பினால் தொழில் பார்க்க முடியாது. நம்பவில்லை என்று முகத்தில் காட்டினாலும் தொழில் பார்க்க முடியாது.

நீங்களும் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதவர் என்றால் நான் சொல்லப்போவது உடனே புரியும். பாதி வேலையில் திரை நீலமாகும். அல்லது மவுஸ் அம்பு அப்படியே உறைந்து நிற்கும். அல்லது யாரும் தொடாமலே அணைந்து, தானே மறுபடி கிளம்பும். நாம் மானிட்டரைத் தட்டுவோம், வயரைப் பிடுங்கிச் சொருகுவோம், தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டுப் பட்டனை அமுக்குவோம். அரை மணி நேரம் ஓடும். சரியாகிவிட்டது என்று நினைத்துக் காபி குடிக்கப் போனால், திரும்பி வரும்போது மறுபடி நீலம்.

நான் உத்தமபாளையத்துக்காரி. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி ஹார்டுவேர் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஊர் திரும்பி ஒரு மொபெட்டில் டூல்ஸ் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு தொழிலுக்கு இறங்கினேன். ஜவுளி வியாபாரியான என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இதில் விருப்பமில்லை. "புள்ள வீடு வீடாப் போய் மிசின் கழட்டுதுன்னு சொல்லுவாக" என்றார். சொன்னார்கள்தான். சொல்லிவிட்டு, தங்கள் வீட்டு மிஷின் நின்றதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாமல் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றினேன். புது மிஷின்கள் என்னிடம் வராது. ஏதோ ஓர் ஊர் ஆபீசில் கழித்துக் கட்டி, செகண்ட் ஹேண்டில் வந்து சேர்ந்த கிழங்கட்டைகள்தான் என் வாடிக்கை.

மெக்கானிக் பின்னால வாராகளா?

அனுமந்தன்பட்டிப் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே வீடு. விவசாயி பேர் குருசாமி. மகள் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று ஒரு பழைய மிஷின் வாங்கிப் போட்டிருந்தார். அது நினைத்தபோது அணைந்து நினைத்தபோது வந்தது. தேனியிலிருந்து வரவழைத்தவர்கள் இரண்டு தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகச் சாஃப்ட்வேர் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் மொபெட்டை நிறுத்தியதும் குருசாமி என் தலைக்கு மேலே பாதையைப் பார்த்தார். "மெக்கானிக் பின்னால வாராகளா தாயி?" என்றார். நான்தான் என்றேன். பதிலுக்கு ஒரு செம்பு மோர் மட்டும் வந்தது.

எனக்குக் கையை வைக்கிற அவசரம் கிடையாது. முதலில் உட்கார்ந்து பார்ப்பேன். மகள் ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள், மிஷின் சமர்த்தாக ஓடியது. திடீரென்று தலைக்கு மேலே குண்டு பல்பு ஒரு தரம் சுணங்கி எரிந்தது. அதே நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து, தானே கிளம்பியது. வெளியே கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது. தோட்டத்துக்கென்று சில மணி நேரம் மட்டும் விடுகிற த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் ஆட்டோமேட்டிக்கில் மோட்டார் தானாக எடுக்கும். அந்த முதல் இழுப்பில் வோல்டேஜ் விழும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஒரே போஸ்ட்டிலிருந்து வயர். முன்னால் வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வந்த நேரத்தில் த்ரீ ஃபேஸ் இருந்திருக்காது.

மோட்டாரை நிறுத்திப் போடச் சொன்னேன். போட்டார்; கம்ப்யூட்டர் விழுந்தது. இன்னொரு தரம் போட்டார். இன்னொரு தரம் விழுந்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். நடுவில் ஒரு யூ.பி.எஸ். வாங்கி வைக்கச் சொல்லி, வறண்டு கிடந்த எர்த் குழியையும் சரி செய்ய வைத்தேன். அதற்குப் பிறகு மோட்டார் பாட்டுக்கு மோட்டார், படிப்புப் பாட்டுக்குப் படிப்பு. குருசாமி மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டுக்கும் சக்களத்திச் சண்டைன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா, அப்பவே தனிக்குடித்தனம் வச்சிருப்பேனே தாயி!"

சட்டை போட்ட சி.பி.யு.

கம்பத்தில் சாயபு ஒருவர், ரிட்டயரான தபால்காரர். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். மகன் திரையில் வந்து சலாம் சொல்லி, பேரப்பிள்ளையைக் காட்டுகிற நேரமாகப் பார்த்து மிஷின் செத்துப்போகும். "வந்தவுடனே போறான், புள்ள முகத்தப் பாக்க விடமாட்டேங்குது" என்று அவர் மனைவி நூர்ஜகான் மாமிக்கு ஒரே ஆத்திரம்.

போய்ப் பார்த்தால் சி.பி.யு.வுக்கு மாமி தன் கையால் மெரூன் கலர் வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். ஓரமெல்லாம் ஜரிகை. முன்னால் பட்டனுக்கு மட்டும் ஒரு ஓட்டை, காஜா எடுத்து அழகாக. ஆடிக் காற்றில் தூசி உள்ளே போய்விடக் கூடாதென்று ஓடும்போதும் அதைக் கழற்றுவதில்லை. உள்ளே ஏற்கெனவே போன தூசி ஃபேனில் பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது. உறையைக் குறை சொன்னால் மாமி மனசு நோகும். அதனால் அவர் கையைப் பிடித்து மிஷினின் பின்பக்கம் வைத்தேன். "யா அல்லா, தோசைக்கல்லு!" என்று கையை இழுத்துக்கொண்டார். ப்ளோயரால் ஊதி, ஃபேனை மாற்றி, ப்ராசசருக்குப் புதுப் பேஸ்ட் தடவினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மகன் முழுசாக ஒரு மணி நேரம் பேசினானாம். அதைச் சொல்ல மாமி எனக்குப் பிரியாணியோடு ஆள் அனுப்பினார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வெல்வெட் உறை மேசையில் கிடந்தது; பின்பக்கம் வெட்டி, கொசுவலைத் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "சட்டை போடலாம்ல ஜமீலா, முதுக மட்டும் திறந்து விட்டாப் போதும்ல?"

பண்ணைப்புரத்துப் பேய்

பண்ணைப்புரத்தில் ஒரு டீச்சர் வீடு. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். மற்ற நேரமெல்லாம் சுத்தம். அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்று மந்திரிக்கிறவரைக்கூட அழைத்து வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அந்த அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுப் பூனை வந்தது. மேற்குச் சுவரோரம் மேசைக்கு அடியில் கதகதப்பாக இருந்த யூ.பி.எஸ். மேல் ஏறியது, உடம்பை ஒரு தரம் வளைத்தது, அதன் பட்டன் மேலேயே படுத்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. யூ.பி.எஸ்.ஸைத் திருப்பி, பட்டன் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். என் தொழிலில் அதைவிடச் சுருக்கமான ரிப்பேர் கிடையாது. டீச்சர் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மந்திரிச்சவரு மேற்குத் திசைன்னுதான் சொன்னாரு; பூனைன்னு சொல்லல."

கடையில் ஓடும், வீட்டில் ஓடாது

இந்தக் கொடுமை உங்களுக்கும் நடந்திருக்கும். வீட்டில் பத்துத் தடவை விழுகிற மிஷினை மெக்கானிக்கிடம் தூக்கிப் போனால் அங்கே குதிரை மாதிரி ஓடும். கூடலூரில் பிரகாஷ் என்று ஒரு ஜீப்காரர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறி இறங்குகிறவர்; பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். அவர் தன் ஜீப்பிலேயே சி.பி.யு.வை வைத்து உத்தமபாளையத்துக்கு என்னிடம் கொண்டு வருவார். நான் பகல் பூரா ஓட்டிப் பார்ப்பேன், ஒரு குறையும் இருக்காது. கொண்டு போவார். மறுநாளே போன் வரும்: "சேச்சி, பின்னையும் நின்னு போச்சு."

மூன்றாவது தடவையும் அதுவே நடந்தபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிஷினைக் கொண்டுவர வேண்டாம், நான் வருகிறேன் என்று கிளம்பிப் போனேன். அவர் வீடு குமுளி ரோட்டு மேலேயே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். கம்ப்யூட்டர் இருந்தது ஒரு தகர மேசையில், மில் சுவரை ஒட்டி. நான் அந்த மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் மில் ஓடத் தொடங்கியதும் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. திறந்து பார்த்தால் ரேமைப் பிடிக்கிற கிளிப்களில் ஒன்று ஒடிந்திருந்தது. ஜீப்பில் குலுங்கி வரும்போது ரேம் எப்படியோ பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் மில் அதை மெல்ல மெல்ல நகர்த்திவிடும்.

ரேமின் பித்தளை நிறப் பல்லை எல்லாம் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, கிளிப் ஒடியாத அடுத்த பள்ளத்தில் பொருத்தி, மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றி, காலுக்குப் பழைய டயர்த் துண்டு வைத்தேன். டயர்த் துண்டு அவர் கொடுத்தது. மில் ஓடியது, ரோட்டில் லாரி போனது, கம்ப்யூட்டர் அசையவில்லை. பிரகாஷ் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "குலுங்கிக் குலுங்கி என் ஜீப்பே நட்டு நட்டாக் கழறுது, இது எம்மாத்திரம்! மனசிலாச்சு சேச்சி, இதுக்கும் இனி மாசம் ஒருக்கா நட்டு டைட் வச்சிர்றேன்."

வீங்கின வயிறு

உத்தமபாளையத்தில் என் தெருவுக்கு நாலு தெரு தள்ளி சரோஜா இருந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து கால் போனவள். கோர்ட்டுக்குப் போகும் மனுக்களை வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுத்து, அவளும் அவள் அப்பாவும் அதில்தான் சாப்பிட்டார்கள். அவளுடைய கம்ப்யூட்டர் மனுவின் இரண்டாம் பக்கம் போவதற்குள் உறைந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் சேவ் பண்ணி, அப்படியும் பாதி போய், வக்கீல் குமாஸ்தாக்கள் வேறு இடம் தேட ஆரம்பித்திருந்தார்கள். மதர்போர்டு போச்சு என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த மாடல் போர்டு கடைகளில் வருவது நின்று வெகுநாளாகியிருந்தது. புது மிஷின் என்பது அவள் பேச்சிலேயே இல்லாத விஷயம்.

திறந்து, டார்ச் அடித்து, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தேன். ப்ராசசர் பக்கத்தில் சின்னச் சின்ன டப்பா மாதிரி வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களில் நாலு மட்டும் தலை உப்பி, உச்சியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. வியாதி தெரிந்துவிட்டது. ஆனால் அடுக்கடுக்கான போர்டில் சால்டரிங் வைக்க என் கை அப்போது பழகவில்லை. கம்பத்தில் டி.வி. மெக்கானிக் ராசு அண்ணனிடம் போர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டி.வி.ல ஆயிரம் மாத்தியிருக்கேன் தாயி. இதுல சூடு கூடுனா ஆளே காலி. யாரு பொழப்போ?" என்றார். யாருடைய பிழைப்பு என்று சொன்னேன். அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில் என்னிடமிருந்த செத்த போர்டு ஒன்றில் இருவரும் கை பழகினோம். அதிலிருந்தே வயிறு வீங்காத கெபாசிட்டர்களைக் கழற்றி எடுத்தோம். பிறகு சரோஜாவின் போர்டு. அவர் சூடு காட்ட, ஈயம் உருகுகிற நேரம் பார்த்து நான் உறிஞ்சி எடுக்க, மூச்சுவிடாமல் ஒவ்வொன்றாக மாற்றினோம். ஃபேன் காற்றுகூட வேண்டாமென்று நிறுத்திவிட்டதால் இருவருக்கும் வேர்வை ஒழுகியது. மறுநாள் சரோஜா வீட்டில் மாட்டி, பட்டனை அமுக்கினேன். அவள் ஒரு பழைய மனுவை எடுத்து வைத்து டைப் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கம் போனது. நாலாம் பக்கம் போனது. அவள் நிறுத்தவே இல்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் தெரு முனையில் இருந்த பூத்திலிருந்து ராசு அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பெரிசாக ஒரு சிரிப்பு: "நாலு பிரசவம் பாத்தாச்சு, தாயும் சேயும் நலம்னு ஊரெல்லாம் சொல்லிவிடு தாயி!"

தேனியிலிருந்து ஒரு போன்

ஒரு காலத்தில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் விழுந்தால் தேனியிலிருந்து ஆள் வர வேண்டும் என்றிருந்தது. பின்னால் தேனியிலிருந்தே எனக்குப் போன் வந்தது. கூப்பிட்டவர் பாண்டியன், கல்யாணப் போட்டோக்காரர். ஆல்பம் வேலையெல்லாம் வீட்டில் வைத்துத்தான் செய்வார், ஒரு பழைய மிஷினில். கொஞ்ச நாளாகவே அது விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு கல்யாணத்தின் படங்களைத் திறந்தால் மட்டும் விழாமல் இருப்பதே இல்லை. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார். வேறு பிரதி கிடையாது.

நான் போய் இறங்கியபோது அவர் வீட்டு முன்னறையில் ஒரு இளம்பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேர் சித்ரா, அந்தக் கல்யாணப் பெண். பாண்டியன் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். கல்யாணம் முடிந்த சில நாளிலேயே அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் அவர் படம் என்றால் ரேஷன் கார்டில் இருக்கிற மங்கல் படம் மட்டும்தான். ஆல்பம் எப்போது வரும் என்று கேட்டு அவள் வந்திருக்கிறாள். "எப்படிக்கா அந்தப் புள்ளட்ட சொல்றது?" என்றார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

நான் வெளியே வந்து சித்ரா பக்கத்தில் உட்கார்ந்தேன். படங்கள் இருக்கிற டிஸ்க் பழுதாகியிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். "வாக்குக் குடுக்க முடியாதும்மா. ஆனா எடுக்க முடிஞ்சதெல்லாம் எடுக்காம இங்கருந்து கிளம்ப மாட்டேன்" என்றேன். அவள் அங்கேயே இருந்தாள்.

மிஷினைத் திறந்து, ஓடுகிற டிஸ்க்கின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். டிக், டிக் என்று நாக்கு கொட்டுகிற சத்தம். இதை இனி அதே மிஷினில் ஓட்டினால் மொத்தமும் போகும். பக்கத்து ஸ்டுடியோவிலிருந்து நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை இரவல் வாங்கி வரச் சொல்லி, இதைக் கழற்றி அதில் இரண்டாவது டிஸ்க்காகச் சேர்த்தேன். மொத்தமாக இழுக்காமல், ஒவ்வொரு படமாக எடுத்தேன். கொஞ்சம் ஓடியதும் டிஸ்க் சூடாகித் திணறும். உடனே நிறுத்தி, மேசை ஃபேன் முன்னால் ஆறவைத்து, மறுபடி. நடுவில் மத்தியானக் கரண்ட் கட் வேறு. டிஸ்க் நன்றாகக் குளிரட்டும் என்று அந்த நேரத்தையும் வரவில் வைத்துக்கொண்டேன். பாண்டியன் மனைவி தந்த சோற்றை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தேன்.

சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் படங்கள் அநேகமாக எல்லாம் வந்துவிட்டன. பந்தியில் சித்ராவின் அப்பா இலை இலையாகக் குனிந்து என்ன வேண்டும் என்று கேட்கிற படம், சம்பந்தியோடு சிரிக்கிற படம், மாலையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிற படம். ஒன்றே ஒன்று மட்டும் அடம்பிடித்தது. மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிற படம். எத்தனை தரம் ஆறவைத்து இழுத்தாலும் பாதியில் நின்றது. கடைசியில் வந்தது வரை வரட்டும் என்று திறந்தேன். மேல் பாதி பளிச்சென்று இருந்தது. கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். கைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

சித்ராவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் காட்டிவிட்டு இதைக் கடைசியில் காட்டினேன். இது மட்டும் முழுசாக வரவில்லை என்று சொன்னேன். அவள் திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் குனிந்து, மேல் பாதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டில் கற்பூரம் எரிகிற வெளிச்சம் அந்த மனிதரின் முகத்தில் விழுந்திருந்தது. அழக் கூடாது என்று உதட்டை இறுக்கி வைத்திருந்தார். அவள் நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை எங்களுக்குத் தெரியும்க்கா. முகந்தான் வேணும்னு இருந்தோம். முகம் வந்திருச்சு."

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் என் கைகளை நானே ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டேன் என்றால் நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

மற்றபடி, இந்தப் பள்ளத்தாக்கில் என்னைக் கூப்பிட்ட கம்ப்யூட்டர்களில் பாதி, வாசலில் என் மொபெட் சத்தம் கேட்டதுமே தானாக ஒழுங்காகிவிட்டன; நான் சரி செய்தது மீதிப் பாதியைத்தான், பேர் என்னவோ முழுசுக்கும் எனக்கே வந்து சேர்ந்தது.